ஜீப்புக்குப் பெயர் வைத்த மேஜர்

பட்டறை வேலை என்றால் கையில் கிரீஸ், காதில் வசவு. இரண்டும் லேசில் போகாது. பட்டறைகளில் மாட்டிக்கொண்ட தோழர்களே, இதில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. இப்போதே தரமாட்டேன். எனக்கு வயிறு எரிந்ததில் பாதியாவது உங்களுக்கும் எரியட்டும்.

தினசரி பரீட்சை

எழுபதுகளில், மூன்றாம் பாரப் பரீட்சையில் கோட்டை விட்டு, மலேசியாவின் ஈப்போவில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். சூப்பர்வைசர் துரைசிங்கம் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் ஜீப்புக்குப் பெயர் வந்த கதையைப் படித்துவிட்டார். அமெரிக்க ராணுவத்தில் எல்லா வேலைக்கும் ஆகிற வண்டியாம். அதைக் குறித்த ஜி, பி என்ற எழுத்துகள் சேர்ந்து ஜீப் ஆனதாம். அதற்கு முன்பே சிப்பாய்கள் புதிதாய் வந்த எதையும் ஜீப் என்று கிண்டலடித்தார்கள் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அந்தப் பாதி அவருக்குப் பிடிக்கவில்லை. தினமும் எங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்.

மெக்கானிக் மைக்கல் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்: "பேரு எங்கேருந்து வந்தா என்னா சார், எண்ணெய் இங்கதான் ஒழுகுது!"

கை கட்டிய டிரைவர்

செமோர் பக்கத்துத் தோட்டத்து டிரைவர் ஆறுமுகம் அண்ணன் ஒருநாள் காலையில் வண்டியை இழுத்து வந்தார். ஜீப் மாதிரி இருக்கும், ஆனால் வேறு கம்பெனி. தோட்டத்தில் செம்மண் ரோட்டில் ஏறுகிற எல்லாமே ஜீப்தான்.

"சார், ஜீப் கிளச் போயிருச்சு. எம்பொண்ணு புள்ளத்தாச்சி, மாசம் முடிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு இது ஒண்ணுதான் காடி."

"ஜீப்பா? எங்கய்யா ஜீப்?" என்று ஆரம்பித்தார் சூப்பர்வைசர். ஜி, பி, அமெரிக்கா, எல்லாம் வந்தது. வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க, ஆறுமுகம் அண்ணன் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த ஸ்பானரை எங்கே வீசுவது என்று தெரியவில்லை. தீர்ப்பு வந்தது: "அடுத்த வாரம் வா. காடி பேரைத் தெரிஞ்சிக்கிட்டு வா!"

கோப்பிக்கடை போன்

எனக்கு வராத குரல் கிடையாது. பட்டறை முதலாளி தவ்கே, பாதிரியார், பஸ் கண்டக்டர், யார் வேண்டும்? அன்று பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ஒரு கரகர இருமலோடு ஓய்வுபெற்ற மேஜரானேன்.

"மேஜர் பேசுறேன்! செமோர் தோட்டத்துக் காடி எங்க படையில இருந்தது. சாயங்காலம் தோட்டத்துக்கு அதப் பார்க்க வாரேன். காடி அங்க இல்லேன்னா உங்க தவ்கேகிட்ட பேசிக்கிறேன்!"

போனால் போகிறதென்று ஒரு கதையும் கொடுத்தேன். ஜி, பி எல்லாம் பொய். காட்டுச் சண்டையில் சிப்பாய்கள் குருவி மாதிரி 'ஜீப், ஜீப்' என்று கத்தித்தான் வண்டியைக் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் பணிவு வழிந்தது: "நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்!"

குருவி

திரும்பி வந்தால், சூப்பர்வைசரே மைக்கல் அண்ணனோடு வண்டிக்கு அடியில் கிடந்தார். நாலு மணிக்கெல்லாம் ஆறுமுகம் அண்ணன் செமோர் ரோட்டில் பறந்துவிட்டார். சூப்பர்வைசரோ வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் குருவி மாதிரி கத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"டேய், நீதான் எல்லாக் குரலும் பேசுவியே. மேஜர் எப்படிச் சொன்னாருன்னு இவங்களுக்குக் காட்டு லா!"

காட்டினேன். இருமல் உட்பட.

"அதே குரல்! அப்படியே அச்சு..." என்றவர் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக: "மேஜர் குரல நீ எப்படா கேட்ட?"

பெயர் எங்கிருந்து வந்தது என்று தலைகீழாய் ஒப்பிக்கிறவர்களுக்கு, வண்டி எதற்காக வந்து நிற்கிறது என்பது மட்டும் ஒரு மேஜர் சொன்னால்தான் புரிகிறது.