தருமனின் அரைஞாண் கயிறு

திருவண்ணாமலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கும் தருமனுக்கு ஊரில் யாரிடமும் பயம் கிடையாது. மண்டிக்காரரையே நேருக்கு நேர் கேள்வி கேட்பான். அப்பேர்ப்பட்டவன், இடுப்பில் வந்த ஒரு புண்ணுக்குப் பயந்து அதை இரண்டு வருஷமாக வேட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தான்.

எல்லாம் அரைஞாண் கயிற்றால் வந்தது. மூட்டை ஏற்றும்போது வேட்டி நழுவாமலிருக்க அதை இழுத்து இறுக்கிக் கட்டுவான். முதலில் தோல் கறுத்துக் காய்த்தது, பிறகு வெடித்தது. மஞ்சள் வைத்தான், கோயில் விபூதியை அப்பினான். புண் ஆறவில்லை. ஓரம் தடித்து, தொட்டால் ரத்தம் கசிந்தது. அப்போதும் கயிற்றைத் தளர்த்தவில்லை அந்த மடையன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒருநாள் வேட்டியில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டு, மனைவி சந்திரம்மாள் அவனைக் கூட்டிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் புண்ணின் ஓரத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மறுமுறை போனபோது டாக்டர் இருவரையும் உட்காரவைத்தார்.

"தோல்ல வர்ற புற்றுநோய்ங்க இது. தொடை இடுக்குல இன்னும் நெறி கட்டல. இப்பவே சுத்தி இருக்கற சதையோட வெட்டி எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். விட்டா பரவிடும். அந்தக் கயிறு இனிமே இடுப்புல இருக்கவே கூடாது."

தருமன் கயிற்றை வேட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கயிறு மாற்றும்போதுகூடப் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்பார்கள். வெறும் இடுப்பாக விடுவது பிணத்தைத்தான். அப்பன் செத்தபோது அவனே அறுத்திருக்கிறான்.

"செத்தப்புறம் அறுத்துக்கங்க சார்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டான்.

வராந்தாவில் சந்திரம்மாள் அவனை மறித்தாள். கையில் நர்ஸிடம் கேட்டு வாங்கிய கத்தரிக்கோல் இருந்தது.

"அது அறுந்தா செத்தவன்னு சொல்றே. சரி, வச்சுக்கய்யா. அப்புறம் என் தாலிய யாரு அறுக்கறதுன்னும் சொல்லிட்டுப் போ."

அவள் அழாததுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று வேட்டியை நெகிழ்த்தினான். இரும்பு இடுப்பில் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கயிறு ரத்தத்தோடு அவள் கைக்கு வந்தது.

புண்ணை முழுக்க வெட்டி எடுத்து, தொடைத் தோலை அங்கே ஒட்டினார்கள். அடுத்த வருஷத் தீபத்தன்று, மலை சுற்றும் வழியில் குளத்தில் இறங்கினான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் அவன் இடுப்பைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இன்னாப்பா, கயிறு எங்க?"

"எம்பொண்டாட்டி அறுத்துட்டா" என்றான் தருமன். "அதான் உசுரோட குளிக்க வந்திருக்கேன்."