கலாராணி நிமிர்த்திய கொடிமரம்

"வெலகு சாமி, ஒரே ஒரு படந்தானே" என்று மூடுபனியைக் கெஞ்சிக்கொண்டு நின்றாள் கலாராணி. ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை. மற்றக் கை சேலைத் தலைப்பால் ஃபோனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. கொழும்பில் வேலை செய்யும் புருஷன் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "படம் எடுக்கிற நேரத்துல எமனே கூப்புட்டாலும் தூக்க மாட்டேங்க்கா" என்றாள் என்னிடம்.

நான் கோயில் திருவிழாவுக்காக மஹய்யாவையிலிருந்து வந்திருந்தவள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பீலி என்கிற ஊற்றுக் குழாய்த் தண்ணீர் கொட்டும் ஓரமாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு கலாராணியுடையது. போன பெருமழையில் எதிர்மலையில் கோயிலுக்குக் கீழே மண் சரிந்தது. அதற்குப் பிறகு கண்டியிலிருந்து ஒரு சூழல் குழுவினர் வந்து, அவளுடைய ஃபோனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒரே இடத்திலிருந்து அந்த மலையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஃபோன் அசையவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டு முன்தாழ்வாரத்தை இங்கே இஸ்தோப்பு என்பார்கள். அந்த இஸ்தோப்புத் தூணில் குடைக் கம்பியையும் சைக்கிள் டியூப்பையும் கட்டி, ஃபோனுக்கு ஒரு தொட்டிலே செய்துவிட்டாள் கலாராணி. ஃபோனின் முதுகில் குங்குமப் பொட்டு வேறு.

அனுப்பினோம், வேலை முடிந்தது என்று விடுகிறவள் அல்ல. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒத்துப் பார்ப்பாள். அப்படித்தான் கோயில் கொடிமரம் ரோட்டுப் பக்கமாகச் சாய்வதைக் கண்டுபிடித்தாள். முன்பெல்லாம் படத்தின் ஓரத்துக்கு நேராக நின்ற மரம் அது. கோயில் தலைவர் பழனியாண்டிக்குப் படம் பறந்தது. கொடிமரம் சாய்வதென்றால் சும்மாவா? தோட்டமே திரண்டது. சரிவில் நிற்கும் மரம் நேரா கோணலா என்று கிட்டே நின்றவர்களுக்குத் தெரியவில்லை; ஃபோனைத்தான் நம்பினார்கள். இவள் இஸ்தோப்பில் நின்று, "பீலிப் பக்கம் இழுங்க... இன்னுங் கொஞ்சம்... ஆங், போதும் போதும்!" என்று கத்தக் கத்த, ஆண்கள் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார்கள்.

மழை பெய்தது. மரம் மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் இழுத்தார்கள். யாரோ நேர்த்தி வைத்துவிட்டு மறந்துபோனார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. பழனியாண்டி பரிகாரப் பூசைக்கு நாளே பார்த்துவிட்டார். கலாராணி இந்தக் கதையை நடித்துக் காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொடிமரத்தின் அடியில் சீமெந்து போட்டு இறுக்கிவிட, நாவலப்பிட்டியிலிருந்து மேசன் ஜெயராஜ் வந்தார். மரத்தில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தவர், "யாருய்யா இத நட்டது? பீலிப் பக்கம் ஒரு சாண் சாஞ்சு நிக்குது!" என்றார்.

கலாராணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஃபோனுல நேராத்தான் நிக்குது. வந்து பாருங்கண்ணே."

வந்தார். படத்தைப் பார்த்தார். மரம் அதில் நட்டுக்குத்தாக நின்றது. தலையைச் சொறிந்துகொண்டு, ஃபோன் கட்டியிருந்த தூணை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்தத் தூணின் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டை இறக்கினார்.

மேலே நூல் தூணை ஒட்டியிருந்தது. கீழே குண்டு தனியாகத் தொங்கியது, பீலிப் பக்கம். இரண்டுக்கும் நடுவே என் கை தாராளமாகப் போகும்.

"அப்போ மரம் சாயலையா?" என்றாள் கலாராணி.

"இல்ல தங்கச்சி." ஜெயராஜின் குரல் இறங்கிவிட்டது. "ஒங்க வீடுதான் சாயுது."

தூணில் சாய்ந்து நின்ற நான் சட்டென்று விலகிக்கொண்டேன். நிலையில் இறுகிக்கொண்டபோது, மழைக்கு ஊதிப்போச்சு என்று அவள் சீவிவிட்ட கதவு என் கண்முன்னே இருந்தது. அதைப் பார்த்தும் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லையே! குசினிக்குப் பின்னால் ஓடினோம். அடுக்கியிருந்த விறகை ஜெயராஜ் புரட்டித் தள்ளினார். நிலம் வாய் பிளந்து கிடந்தது. கையை விட்டால் முழங்கை வரை போனது. லயம் முழுவதும் அந்த வெடிப்புக்குக் கீழேதான் இருந்தது.

"அந்த மலை எறங்குதான்னு பாத்துக்கிட்டே நாங்க எறங்கிக்கிட்டு இருந்திருக்கோம்க்கா" என்றாள் கலாராணி. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "கொடிமரத்தயும் எங்க வீடு மாதிரியே சாச்சு வச்சிட்டேன்." அப்போதுதான் நினைவு வந்தவள்போல, "ஐயோ, உள்ள புள்ள தூங்குது!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தாள். குழந்தை தர்ஷிகாவைப் பாயோடு வாரிக்கொண்டு அவள் வெளியே ஓடி வந்தாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் லயத்துச் சனம் முழுவதும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட்டது. வீடுகள் இன்னும் நிற்கின்றன. யாரையும் கிட்டே விடுவதில்லை. மழையும் விட்டபாடில்லை.

நேற்றுக் காலை கோயில் முற்றத்தில் அவளைப் பார்த்தேன். ஜெயராஜ் நேராக்கி இறுக்கிய கொடிமரத்துக்குப் பக்கத்தில் மணித்தூண். அதில் அதே சைக்கிள் டியூப், அதே தொட்டில். ஜெயராஜ் கொடுத்துவிட்டுப் போன குண்டை முதலில் தூணில் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை பார்த்திருந்தாள். பிறகு ஃபோனைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். பள்ளத்தாக்கு முழுவதும் பனி மூடிக் கிடந்தது. விலகச் சொல்லி அவள் கெஞ்சவில்லை. கொஞ்ச நேரத்தில் பனி தானாக விலகத் தொடங்கியது. கலாராணி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஃபோனை அழுத்தினாள்.