கோழி இல்லாத வாரத்தில் ஒரு பியானோ

எங்கள் வீட்டுப் பியானோவின் ஸ்பீக்கர் சத்தத்தை இந்த வருஷம்வரை நான் கேட்டதே இல்லை. கேட்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், எங்கள் கோழிப்பண்ணையின் இரண்டு செட்டுகளை ஒட்டின வீடு எங்களுடையது. முட்டைக்கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட மிரண்டு கூண்டில் முட்டி மோதும், மறுநாள் ஓடில்லாத தோல்முட்டையாகக் கிடக்கும். தீபாவளிக்கு எங்கள் வாசலில் ஓலைவெடிகூட வெடித்தது கிடையாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் பியானோ வேண்டும் என்று அடம் பிடித்தது நானல்ல, அம்மாதான்.

"பள்ளிக்கூடத்துல நல்லா வாசிக்கிறாளாமுங்க. காதுல மாட்டிக்கிட்டு வாசிக்கட்டும். கோழிக்கென்ன தெரியப்போவுது?" என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள்.

சேலத்திலிருந்து பழைய டிஜிட்டல் பியானோ ஒன்று தீவன டெம்போவில், சாக்குப் போர்த்தி வந்து இறங்கியது. அதில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள். ஒயர் நுனியில் இருக்கும் பின்னில் தடித்தது போகிற துளை எனக்கு. மெல்லிய பின் போகிற துளையில் அம்மா மொபைல் கடையில் வாங்கிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒன்று மாட்டியிருந்தாலே ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். இருந்தாலும் இரண்டையும் எப்போதும் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் பெட்டி அலறிவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

சாயங்காலம் முட்டை பொறுக்கி முடித்ததும் கை கழுவிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவாள். நானே போட்ட சின்ன மெட்டு ஒன்று உண்டு. அதைத்தான் முதலில் கேட்பாள், கடைசியிலும் கேட்பாள். நான் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகும் ஊருக்கு வரும் சனிக்கிழமைகளில் இது நடந்தது. அப்பாவுக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் தட்டுப்படும் டொக் டொக் மட்டும். "ஆத்தாளும் மகளும் ஊமைக் கச்சேரி நடத்துறாங்கடா சாமி" என்று கேலி செய்துகொண்டே தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போய்விடுவார்.

போன மாதம் அம்மா செத்துப்போனாள். தீவனம் அள்ளிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், அவ்வளவுதான். நான் வந்து சேர்ந்தபோது கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். இடம் பற்றாமல் பியானோவைச் சுவரோடு தள்ளியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஒறம்பரையாக வந்த சொந்தக்காரி ஒருத்தி, "கல்லு மனசுக்காரி" என்று என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

காரியம் முடிந்த வாரமே கோழிகள் லாரி ஏறின. முட்டையிட்டு ஓய்ந்த கோழிகள், எப்படியும் கழிக்க வேண்டியவைதான். செட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயப் போட்டார்கள். புதுக் கோழிகள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் ஊருக்கு வந்தேன். அப்பா கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன் பகலில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சாமி, அந்தப் பொட்டியச் சத்தமா வாசி" என்றார். "உங்கம்மா பொழுதானா என்னத்தக் கேட்டுட்டு உக்காந்திருந்தான்னு நானும் கேக்கறேன். இப்பத்தான் கோழி இல்லியே."

என் ஹெட்போனைப் பிடுங்கினேன். கட்டையை அழுத்தினேன். டொக். வேறொன்றும் இல்லை.

வால்யூமைக் கடைசிவரை ஏற்றினேன். அணைத்துப் போட்டேன். பழையபடி ஹெட்போனை மாட்டினால் எனக்கு நன்றாகக் கேட்கிறது. அப்படியானால் கட்டைகளில் கோளாறு இல்லை. அதையே அப்பாவுக்கு மாட்டிவிட்டேன். நான் நாலு கட்டை தட்டுவதற்குள் கழற்றிவிட்டார்.

"இத மாட்டுனா வெளிய ஒண்ணுங் கேக்கலியே சாமி."

"வெளிய என்னங்கப்பா இருக்குது கேக்கறதுக்கு?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

சேலத்துக் கடைக்குப் போன் போட்டேன். செட்டிங்கை எல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், செய்தேன். ஹெட்போன் துளையில் பின்னை நாலைந்து தரம் போட்டு எடுக்கச் சொன்னார்கள், அதுவும் செய்தேன். கடைசியில், "ஸ்பீக்கர் போயிருக்குமுங்க, வண்டியில ஏத்தி அனுப்புங்க. பாக்கப் பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்" என்றார்கள். அதற்குள் செட்டு நிறைந்துவிடும். அட கெரகமே என்று பெட்டியின் மண்டையில் ஓங்கித் தட்டினேன். இத்தனை நாளும் எதற்கும் வராத கோபம் இந்தப் பிளாஸ்டிக் பெட்டிமேல் வந்தது.

அப்பா கேட்டார். "உங்கம்மா மாட்டுவாளே, அத உங்கத்தை எங்க வெச்சா?"

அது ஆற்றோடு போய்விட்டது. அம்மாவின் சேலைகளோடு சேர்த்து அத்தை மூட்டை கட்டி விட்டுவிட்டாள். பியானோவைத் தள்ளினபோது அந்த ஹெட்போன் சுவரில் நசுங்கித் தொங்கியதாம். "நாந்தான் புடுங்கிக் குடுத்தேன். வெடுக்குன்னு வந்துருச்சு" என்றார் அப்பா.

நான் அந்த மெல்லிய துளையை அதுவரை பார்க்கவே இல்லை. அப்பா கோழியின் வாயைப் பார்க்கிற டார்ச்சை எடுத்து வந்து அடித்தார். உள்ளே பொட்டுப்போல ஏதோ மின்னியது. பின்னின் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கியிருந்தது. பியானோவைப் பொறுத்தவரை அம்மா இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை. அதனால்தான் அது ஸ்பீக்கரைத் திறக்கவில்லை.

மின்சாரத்தை அணைத்துவிட்டு, அடியில் இருந்த திருகுகளைக் கழற்றித் துளையின் பின்பக்கத்தைத் திறந்தோம். கோழிக்குத் தடுப்பூசி போடுகிற ஊசி ஒன்றை அப்பா கொண்டுவந்தார். பின்னாலிருந்து குத்தித் தள்ளினால் நுனி வெளியே வந்துவிடும். ஊசியை உள்ளே விட்டவர் கையை நிறுத்தினார்.

"எடுத்துரட்டுமா சாமி?"

"எடுங்கப்பா" என்றேன். என் குரல் கடைக்காரனிடம் பேசின குரல் மாதிரிதான் இருந்தது.

நுனி அப்பாவின் உள்ளங்கையில் விழுந்தது, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. அவர் கையை மூடிக்கொண்டார். நான் திருகுகளை மாட்டி, மின்சாரத்தைப் போட்டு, மெட்டின் முதல் கட்டையை அழுத்தினேன்.

வால்யூமைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். கூடமே அதிர்ந்தது. அப்பா பதறி எழுந்து ஜன்னலுக்கு ஓடி, செட்டுப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார்.

"மெல்ல சாமி! மெல்ல! கோழி மெரளப் போவுது!"

வெள்ளையடித்த செட்டுகள் காலியாகக் கிடந்தன. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வால்யூமைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், அணைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்வரை குறைத்தேன். பிறகு மெட்டை வாசித்தேன்.

ஜன்னலோரம் நின்றால் அது கேட்காது. அப்பா ஓரோர் அடியாகக் கிட்டே வந்தார். கடைசியில் அம்மாவின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார். மெட்டு சின்னதுதான், சீக்கிரம் முடிந்துவிட்டது.

"இதத்தானா?"

"ஆமாங்கப்பா."

மூடின கையை அவர் இன்னும் திறக்கவில்லை. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

"இன்னொருக்கா வாசி சாமி" என்றார். "திங்கக்கெழம கோழி வந்துருமில்ல."