ஷர்லியின் ‘நம்பல’ பெட்டி

பஸ் கிளம்பும் முன்பே ஷர்லி செல்போனைத் திறந்து, “என்னடா, இன்னும் இங்கிட்டுத்தான் இருக்கியா?” என்று கேட்பாள். முன் சீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்புவார். அவள் கேட்பது அவரை அல்ல, சாஃப்ட்வேரில் ஒளிந்திருக்கும் ஒரு பிழையை. கீரனூரிலிருந்து திருச்சிக்கு மூன்று வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள் நான், எனக்குப் பழகிவிட்டது.

அவளுக்குத் திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டர் வேலை. பிறர் எழுதிய புரோகிராமில் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனிப் பட்டியலில் அப்படி ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறதாம். “அதுல நம்ம எழுதுனதத் தேடுறது, திருவிழாவுல செருப்பத் தேடுற மாதிரிக்கா” என்பாள், இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே. அதனால் தனக்கென்று தானே ஒரு குட்டிச் செயலி செய்து வைத்திருக்கிறாள். இன்றைக்கு யாரைப் பிடித்து எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். உள்ளே நான்கு பெட்டிகள்: புதுசு, கேட்டாச்சு, முடிஞ்சுச்சு, நம்பல.

ஷர்லி எப்படிப்பட்டவள் என்பது அந்தக் கடைசிப் பெட்டியில்தான் தெரியும். “எனக்கு அந்தப் பிழை வரலையே” என்று புரோகிராம் எழுதியவர்கள் தள்ளிவிட்டவை எல்லாம் அதில் விழும். கம்பெனிப் பட்டியலில் அவற்றின் கதை முடிந்தது. இவள் போனிலோ தினமும் காலை எட்டு மணிக்கு டிங் என்று எழுந்து நிற்கும். விடாக்கண்டன் என்று ஆண்களுக்கு மட்டும் ஏன் சொன்னார்களோ தெரியவில்லை.

போன மாதம் அதில் ஒன்று அவளைப் பாடாய்ப் படுத்தியது. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸுகளுக்கான செயலி. போட்டது ஒரு ஊசி, பதிவாவது இரண்டு. அதுவும் பஸ்ஸில் அவள் சோதிக்கும்போது மட்டும். “அடுத்த ஊசியும் போட்டாச்சுன்னு காட்டும்க்கா. அப்பறம் அந்தப் புள்ளைக்கு யாரு போடுவா?” பத்து நாளில் செயலி நர்ஸுகள் கைக்குப் போகிறது. எழுதிய ஆத்மநாதன் ஆபீஸில் மூன்று முறை சோதித்து, மூன்று முறையும் தள்ளிவிட்டார். கேட்ட எனக்கே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நாளைக்கு எங்க பஸ்ஸுல வாங்க சார்” என்று ஷர்லி போன் போட்டாள். பாவம், மனிதர் காலையிலேயே கிளம்பிக் கீரனூருக்கு வந்துவிட்டார். சீட் இருந்தும் அவள் உட்கார விடவில்லை. “நர்ஸம்மா சேர் போட்டா பதிவு பண்ணுவாங்க? நின்னுக்கிட்டே அமுக்குங்க சார்.”

ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். மாத்தூருக்கு முன்னால் சிக்னல் போய்ப்போய் வரும். அங்கே அமுக்கினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்தார். பிறகு, நாமெல்லாரும் செய்வது போல, இன்னொரு முறை அமுக்கினார். சிக்னல் வந்தது.

“ரெண்டு விழுந்துருச்சும்மா” என்றார் மெல்ல. “ஆபீஸ்ல ஒரே அமுக்குல போயிரும். மறுபடி அமுக்குற வேலையே வராது.”

“அதத்தானே சார் மூணு வாரமா கத்துறேன்!” ஷர்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்று எனக்கும் உயிர் வந்தது.

நாலாம் நாள் திருத்திய செயலி அவள் போனுக்கு வந்தது. அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து, யார் எவர் என்று கேட்காமல், கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னல் போனது. ஐந்து முறை அமுக்கினாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். சிக்னல் திரும்பியபோது ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருந்தது. ஷர்லி போனை என் மடியில் போட்டாள்; குழந்தையின் கவுனை விலக்கி, ஊசி போடுகிற தொடையில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள்.