கோர்ட்டுல மோந்து பார்த்த கூடை

படிப்பகத்துத் தோழர்களே, இன்னைக்குக் கோர்ட்டுல பார்த்ததை எழுதி இந்தப் பலகையில ஒட்டுறேன். டிராம்ல திரும்பி வரும்போதும் உடம்பு சிலிர்த்துக்கினே இருந்துச்சு.

காசிமேட்டுல மீன் விக்கிற அஞ்சலை மேல அபின் கேஸ். ஏட்டையா வூட்டுக்கு ஓசி வஞ்சிரம் தர மாட்டேன்னு அவ சொன்ன மறுநாளே, அவ கூடையில மீனுக்கு அடியில அபின் இருந்துச்சாம்.

சர்க்கார் வக்கீல் ஒரு கூடையைத் தூக்கிக் காட்டினாரு. "இதே கூடைதான்"னு ஏட்டையா சத்தியம் பண்ணாரு.

அஞ்சலைக்கு வக்கீல் கிடையாது. கூடையைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தா.

"இன்னா கழுவினாலும் என் கூடையில கவுச்சி போவாது சாமி. இதுல மல்லிப்பூ வாசன வருது. நீயே மோந்து பாரு."

மாஜிஸ்திரேட் நிஜமாவே மோந்தாரு. கூடை இடுக்குலேருந்து பூ தொடுக்கிற வாழைநாரை உருவி எடுத்தாரு.

"அவ கூடை நாத்தம் தாங்கல, அதான் கோர்ட் வாசல் பூக்கடையில வேற கூடை வாங்கினோம்"னாரு சர்க்கார் வக்கீல். கேஸ் தள்ளுபடி.

அபின் எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் யாரும் கேக்கல. பென்சில் கட்டி வெச்சிருக்கேன், தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க. பேரு போட வேணாம். ஏட்டையாவும் இங்கதான் பேப்பர் படிக்கிறாரு.