மிக்ஸி இல்லை, மினிகன்

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் ஏஞ்சலினுக்குப் பேக்கிங் வேலை. கணவர் ஜெயராஜ் இறந்த பிறகு வீட்டில் அவளும் மகன் அன்புசெல்வனும்தான். அவனுக்கும் ஓசூரில் வேலை கிடைத்துவிட, வீடு வெறிச்சோடிப் போயிற்று. போனில் கூப்பிட்டால் அவன் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசமாட்டான். ஆனால் லீவுக்கு வந்தபோது பார்த்தாள்: போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டே கூட்டாளிகளோடு மணிக்கணக்கில் பேசினான்.

"எனக்கும் அத போட்டுக் குடுடா" என்றாள். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தான்.

அதிலிருந்து ஞாயிறு மதியம் சர்ச்சுக்குப் போய்வந்து உலை இறக்கியதும், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மகனின் அணியில் சேர்ந்துவிடுவாள். சுடத் தெரியாது. அவன் பின்னாலேயே ஓடி, கீழே கிடக்கும் துப்பாக்கி, குண்டுகளைப் பார்த்துச் சொல்லுவாள். அவன் குரல் காதுக்குள்ளேயே இருக்கும். அது போதுமாக இருந்தது.

ஒருநாள் பெரிய துப்பாக்கி ஒன்று அகப்பட்டது. வட்டமாகச் சேர்த்துக் கட்டியதுபோல் பல குழாய்கள். அழுத்தினால் விர்ரென்று சுற்றிவிட்டு, பிறகுதான் குண்டைக் கொட்டியது.

"அன்பு, இங்க ஒரு மிக்ஸி கெடக்குதுடா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆண்ட்டி, அது கேட்லிங் கன்" என்றான் ரகு, அன்புவோடு வேலை செய்யும் அறைத்தோழன்.

"கேட்லிங் கையால சுத்துறதுடா. இது மோட்டர்ல சுத்துது, மினிகன்" என்ற அன்பு, குரலைத் தாழ்த்தினான். "ம்மா, மிக்ஸி கிக்ஸின்னு சொல்லிக்கினு இருக்காத. பேஜாரா கீது. நாளைக்கு கம்பெனில ஓட்டுவானுங்க."

'இம்மாம்பெருசா கீது, இன்னாடா மினி?' என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெயரை முணுமுணுத்துப் பழகினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்செல்வி, "இன்னாக்கா, ஜெபமா?" என்றாள். ஏஞ்சலின் தலையை ஆட்டிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்பு விளையாட வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. விளையாட்டு அவளை முன்பின் தெரியாத மூவரோடு சேர்த்துவிட்டது. ஒரு பாலத்தடியில் அந்தத் துப்பாக்கி கிடந்தது.

"மினிகன் கீது. யாருக்குனா வேணுமா?" என்றாள், திக்காமல்.

மூவருமே மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் மகனைக் கூப்பிட்டாள்.

"கேமா? டெலீட் பண்ணிட்டேன்மா, போன்ல எடமில்ல. ரகுவும் ஆடறதில்ல. நீயும் எடுத்துடு, சும்மா சார்ஜுதான் போவும்."

"சரிடா" என்றாள். ஆனால் எடுக்கவில்லை.

மெல்ல மெல்லச் சுடவும் கற்றுக்கொண்டாள். ஒரு ஞாயிறு கடைசிவரை நின்று ஜெயித்தேவிட்டாள். திரையில் வாணம் வெடித்தது. அதைப் படம் பிடித்து அன்புவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. மேற்கொண்டு ஏதாவது வருமா என்று போனைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, எழுந்துபோய் ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டாள்.