வாயில் குஞ்சுகளைச் சுமந்த மீன்

ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்தில், காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் வரிசை வீட்டார் ஆளுக்குக் கொஞ்சம் தவிடு போட்டுக் குட்டையில் மீன் வளர்த்தோம். தீபாவளிவரை வலை வீசுவதில்லை என்று கூடிப் பேசியிருந்தோம். ஆனால் பிள்ளை பெற்ற என் மனைவிக்குப் பால் சுரக்கவில்லை. கூச்சத்தோடு ஒரு மீன் கேட்டேன்.

"பச்சை உடம்புக்காரிக்கு இல்லாத மீனு யாருக்கு தம்பி?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாரும் தலையாட்டினார்கள்.

வலையில் அகப்பட்ட மீனின் வாயிலிருந்து பொடிக்குஞ்சுகள் கொட்டின. "முருகா!" என்று பதறித் தண்ணீரில் விட்டேன். குஞ்சுகள் தாயின் வாய்க்குள்ளேயே திரும்பிப் போயின. வெறுங்கையோடு நின்றேன்.

"அவளும் பிள்ளைக்காரிதான். மறுபடி வீசு தம்பி," என்றார் அக்கா. அடுத்த மீனின் வாயை அவரே திறந்து பார்த்துத்தான் தந்தார்.

பால் சுரந்தது; மகள் வயிறாரக் குடித்தாள். அன்றிலிருந்து வாயைப் பார்க்காமல் மீனைக் கரையேற்றக்கூடாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். இன்றும் சாமி கும்பிடும்போது அக்காவின் கைகள் நினைவுக்கு வருகின்றன.